கடல் கடந்து வந்த சொல்

குற்றாலநாதருக்குத் தலைநோவு உண்டு என்பது தென்காசிச் சீமையின் நம்பிக்கை. திருமாலாக நின்றிருந்த மூர்த்தியின் தலையில் அகத்தியர் கைவைத்து அழுத்திக் குறுகச் செய்து சிவலிங்கமாக்கினார் என்று தலபுராணம் சொல்கிறது. அந்த அழுத்தத்தால் வந்த நோவு தீர மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தை இறைவனுக்குச் சார்த்துகிறார்கள். எண்ணெய்க் காப்பு மற்றச் சிவன் கோயில்களிலும் உண்டுதான். ஆனால் குற்றாலத்துத் தைலம் இந்தத் தலைக்கு நேர்ந்ததை நினைத்துக் காய்ச்சுவது. பக்கத்து ஊர்க் கோயிலுக்கு ஆகிற எண்ணெய் இதற்கும் ஆகாதா என்று யாரும் கேட்பதில்லை. அதே குற்றாலத்து ஐந்தருவிச் சாலையில் சாரல் காலத்தில் வந்து நிற்கிற வெளிநாட்டுக் கார்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்தப் பக்குவம் நமக்குக் கைவிட்டுப் போகிறது. எந்த வண்டிக்கு எந்த ஆயில் என்பதை ஒர்க்ஷாப்புக்கு உள்ளே முடிந்துவிடுகிற விஷயமாக எண்ணுகிறோம். உண்மையில் அது நம் தருக்க நூல்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டிய கேள்வி. வேறு மண்ணில், வேறு காலத்தில் சொல்லப்பட்ட ஒரு சொல்லை இந்த மண்ணில் எவ்வளவு தூரம் நம்புவது? வேதத்தைப் பற்றியும் ஆகமத்தைப் பற்றியும் கேட்ட அதே கேள்வி, வண்டிக் கையேட்டைப் பற்றியும் எழுகிறது.

லேண்ட் குரூசர் 300, வெல்ஃபயர் போன்ற வண்டிகள் முழுதாகக் கட்டி முடிக்கப்பட்டு வெளிநாட்டிலிருந்து கப்பலில் இந்தியா வருபவை. ஜெர்மன் வண்டிகளிலும் அப்படி வருபவை உண்டு. அவற்றோடு ஒரு கையேடும் வருகிறது. 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ ஓர் எண்ணும், அதன் அருகில் தயாரிப்பாளரின் ஒப்புதல் குறியும் அதில் இருக்கும். புளியரை வழியாக ஆரியங்காவு மலைப்பாதை ஏறி இறங்குகிற வண்டிக்கு அந்த ஆயிலைக் கேட்டால், ‘இது தண்ணி மாதிரி இருக்குங்க, நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது, இருபது நாப்பது ஊத்திருவோம்’ என்கிற பதில் எந்த ஊர் ஒர்க்ஷாப்பிலும் கிடைக்கக் கூடியது. சொல்கிறவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆயிரம் என்ஜின்களைப் பிரித்துப் பூட்டிய கை அவருடையது. நூல் ஒன்று சொல்கிறது, அனுபவஸ்தர் வேறொன்று சொல்கிறார், நடுவில் வண்டிக்காரர் நிற்கிறார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை இறைவனைப் பற்றிய வாதத்தோடு தொடங்காமல் அளவைகளோடு தொடங்கியதற்குக் காரணம் இதுதான். எதை வைத்து ஒன்றை அறிந்தோம் என்று சொல்லத் தெரியாதவன் எதையும் நிறுவ முடியாது. பிறர் பத்து வரை எண்ணிய அளவைகளை அவர் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கினார். உலகாயதர் காட்சி ஒன்றே போதும் என்றார்கள். பௌத்தத் தருக்கம் காட்சியோடு கருதலை ஏற்று அங்கே நின்றது. சைவ சித்தாந்தம் உரையையும் சேர்த்துக்கொண்டது. ஒர்க்ஷாப் வாசலில் நடக்கிற வழக்கும் இந்த மூன்றுக்கும் இடையிலானதே.

முதலில் காட்சியை எடுத்துக்கொள்வோம். டிப்ஸ்டிக்கை உருவி, நுனியில் தொங்குகிற ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பது மெக்கானிக்கின் முதல் சோதனை. 0டபிள்யூ-20 விரலில் வழுக்கி ஓடும். 20டபிள்யூ-40 பிசுபிசுத்து நிற்கும். விரல் உணர்ந்தது பொய்யில்லை. ஆனால் விரல் தொட்டது ஆறிக் கிடந்த ஆயிலை. 20 என்ற தரத்து ஆயில் 40 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 40 முதல் 45 சென்டிஸ்டோக்ஸ் பாகுநிலையில் இருக்கும். 40 என்ற தரத்து ஆயிலுக்கு எஸ்ஏஇ வகுத்த எல்லையோ 100 டிகிரியில் 12.5இல் தொடங்கி 16.3க்குள் முடிகிறது. அதாவது சூடேறிய என்ஜினுக்குள் ஓடுகிற ‘கெட்டி’ ஆயில், காலையில் விரலில் தொட்டுத் ‘தண்ணி’ என்று ஒதுக்கிய ஆயிலைவிட மூன்று மடங்கு நீர்த்தது. என்ஜினுக்கு ஆயில் வேலை செய்வது அந்தச் சூட்டில். அங்கே விரல் போக முடியாது. டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடுவதைக் கண்டு ‘ஆயில் செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டுவதும் இதே கதை. கரியைப் படியவிடாமல் தன்னுள் தாங்கிக்கொள்வது அந்த ஆயிலின் கடமை. கறுப்பு, அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியையே அளவையாகக் கொள்ள வேண்டும் என்று சித்தாந்தம் வற்புறுத்துவதன் அருமை இங்கே விளங்குகிறது.

குற்றாலத்துக்கே உரிய ஒரு காட்சியும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் காற்று முழுக்க ஈரம். விடுதிக்கும் பேரருவிக்கும், அங்கிருந்து பழைய குற்றாலத்துக்கும் என்று கொஞ்சம் கொஞ்சம் தூரம் ஓடி ஓடி நிற்கிற வண்டியில் ஆயில் முழுச் சூட்டை எட்டவே எட்டாது. அந்த வண்டியின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால் அடிப்புறத்தில் மோர் வற்றியது போல வெளிறிய மஞ்சள் பசை ஒட்டியிருக்கலாம். ஈரம் உள்ளே குளிர்ந்து ஆயிலோடு கலந்தால் இந்தப் பசை வரும். ஒரு நீண்ட ஓட்டத்தில் சூடேறினால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் ஹெட் கேஸ்கெட் விட்டுப்போய் ரேடியேட்டர் நீர் ஆயிலில் இறங்கினாலும் வருவது இதே பசைதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நீர் குறைகிறதா, டிப்ஸ்டிக்கிலும் பால்நிறம் தெரிகிறதா என்று மேலும் பார்த்த பிறகுதான் எது எது என்று தெளியும். குற்றாலத்துத் திரிகூட மலையில் சாரல் மூட்டம் எழுவதைக் கண்டு புகை என்று கொண்டு, அங்கே நெருப்பு இருக்கிறது என்று துணிவதற்கு ஒப்பானது, பசையைக் கண்டதும் என்ஜின் போச்சு என்பது. பனியோ ஆவியோ என்ற ஐயம் தீராமலே புகை என்று துணிவதை மணிமேகலையின் தருக்கப் பகுதி போலி ஏதுக்களில், அதாவது போலிக் காரணங்களில், ஒன்றாக வைத்திருக்கிறது. மலையடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை ஏட்டில் மட்டும் இருப்பதில்லை. வாசலைத் திறந்தால் தெரிவது.

அடுத்தது கருதல். நம் ஊர் வெயில் அதிகம். வெயிலில் எண்ணெய் இளகும். ஆகவே கெட்டி ஆயில் வேண்டும். கேட்கும்போது குறையில்லாத வாதம் போலத்தான் இருக்கிறது. இதில் உடைகிற கண்ணி எது என்று பார்க்க வேண்டும். ஊர் வெயிலுக்கும் என்ஜினுக்குள் இருக்கிற ஆயிலின் சூட்டுக்கும் விடாத தொடர்பு இருந்தால்தான் இந்த அனுமானம் நிற்கும். அந்தத் தொடர்பைத் துண்டிப்பதற்கென்றே ஒவ்வொரு என்ஜினிலும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு இருக்கிறது. குளிர்நீரைப் பெரும்பாலும் 80 முதல் 95 டிகிரிக்குள் நிறுத்தி வைப்பது அதன் வேலை. தென்காசியின் சித்திரை வெயிலிலும் மியூனிக்கின் மார்கழிக் குளிரிலும் ஓடிச் சூடேறிய என்ஜினுக்குள் நிலவுகிற சூடு ஏறத்தாழ ஒன்றே. எண்ணுக்கு நடுவில் நிற்கிற டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 0டபிள்யூ என்றால் உறைபனியிலும் ஓடும், 20டபிள்யூ என்றால் அவ்வளவு தாங்காது என்று பொருள். ஆகவே நமக்கு 0டபிள்யூ தேவையே இல்லையே என்று கேட்கலாம். உறைபனிக்காக அது தேவையில்லை என்பது சரி. ஆனால் காலையில் கிளப்பிய முதல் சில வினாடிகளில் மெல்லிய துளைகள் வழியாக டர்போவுக்கும் வால்வுகளுக்கும் ஆயில் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பது நம் ஊரிலும் கணக்குத்தான். உலோகம் உலோகத்தில் அதிகமாகத் தேய்வது அந்த நேரத்தில். வெயிலைவிட ஆயிலின் சூட்டைக் கூட்டுவது சுமை. ஏழு பேரும் மூட்டை முடிச்சுமாகப் புளியரை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகி ஏறுகிற வண்டிக்குள் ஆயில் படுகிற பாடு, வெயிலில் நிறுத்திய வண்டிக்கு வராது. அனுமானம் செய்வதில் தப்பில்லை. தவறான ஏதுவைப் பிடித்துக்கொண்டதில்தான் தப்பு.

இனி உரை. நியாய சூத்திரம் ஆப்தன் ஒருவன் சொல்லும் உபதேசத்தையே உரையளவை என்கிறது. அதற்கு உரையெழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தன் யார் என்று விளக்குகிறார். பொருளை நேரில் அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன், அவ்வளவுதான். அந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்த்துச் சொல்கிறார். எவ்வளவு பெரிய மனம் அது! கடலுக்கு அப்பால் இருக்கிறவனும், நம் ஆசாரம் அறியாதவனும், தான் நேரில் அறிந்த ஒன்றில் ஆப்தனாக முடியும். என்ஜினின் பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே எத்தனை மைக்ரான் இடைவெளி விட்டிருக்கிறோம், பம்பு எவ்வளவு அழுத்தம் தரும், டீசல் துகள் வடிகட்டி எவ்வளவு சாம்பலைத் தாங்கும் என்பதெல்லாம் கட்டியவருக்கு நேர்க்காட்சி. நமக்கு அவை கட்புலனாகா. அந்த அளவில் கையேடு ஆப்த வாக்கியம். இதற்கு எதிராக, வேதத்தையும் வண்டிக் கையேட்டையும் ஒரே தட்டில் வைப்பது சமயத்தைச் சிறுமைப்படுத்தாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். வேதத்தை ஏன் நம்புவது என்ற கேள்விக்கு அதன் ஆசிரியர் கௌதமர் தந்த விடை, ஆயுர்வேதத்தை நம்புவது போல என்பது. மருந்து சொன்னபடி நோயைத் தீர்க்கிறது. அதைச் சொன்னவர்கள் அறிந்தவர்கள் என்று தெரிகிறது. அந்த நம்பிக்கை கண்ணால் சரிபார்க்க முடியாத இடத்துக்கும் நீள்கிறது. பரலோகத்தைப் பற்றிய சொல்லை நம்ப, கஷாயத்தையும் தைலத்தையும் பற்றிய சொல்லிலிருந்து படி கட்டியவர்கள் நம் முன்னோர். ஆயிலிலிருந்து அந்தப் படியில் கால் வைப்பது அவர்கள் வழியில் நடப்பதுதான்.

இதைவிட வலுவான தடை ஒன்று இருக்கிறது. ஆப்தனுக்குச் சொந்த ஆதாயம் இருக்கக் கூடாது. கார் நிறுவனத்துக்கோ ஆதாயம் இருக்கிறது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா 1975இல் சட்டம் இயற்றி, ஒவ்வொரு நிறுவனத்தின் கார்களும் சராசரியாக இவ்வளவு மைலேஜ் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மெல்லிய ஆயில் உராய்வைக் குறைத்து மைலேஜைச் சிறிது கூட்டும். ஆகவே அங்கே விற்கிற வண்டியின் கையேட்டில் 0டபிள்யூ-20 என்று ஒற்றை எண் மட்டும் இருப்பதும், அதே குடும்பத்து என்ஜினுக்கு வேறு நாட்டுக் கையேட்டில் 15டபிள்யூ-40 வரை இடம் இருப்பதும் உண்டு. கையேடு சொல்வது முழுவதும் அறிவு இல்லை, அதில் விருப்பமும் கலந்திருக்கிறது என்றாகிறது. இந்தத் தடையை நான் ஏற்கிறேன். ஆனால் இதிலிருந்து கையேட்டைத் தூக்கி எறி என்ற முடிவு வராது. அதைப் படிக்கிற முறை தெரிய வேண்டும் என்ற முடிவுதான் வரும். நாடு மாறினாலும் எது மாறவில்லை என்று பார்த்தால் அறிவு தனியே தெரியும். டொயோட்டா தன் அமெரிக்கக் கையேடுகளிலேயே, அதிவேகத்திலோ கடும் சுமையிலோ ஓடுகிற வண்டிக்கு இன்னும் பாகுநிலை கூடிய ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறது. பெரிய எழுத்தில் இருக்கிற எண்ணைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சிறிய வரி வரை போகிறார்கள்? புளியரை ஏற்றத்துக்கு விடை அந்த வரியில் இருக்கிறது. நூலை மீறாமலே அந்த விடை கிடைக்கிறது.

நூல் சொன்னவர் அறிந்து சொன்னது ஒன்று, தன்னைச் சுற்றிலும் இருந்ததால் சொல்லாமலே எண்ணிக்கொண்டது இன்னொன்று. இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது கந்தகம். ஐரோப்பாவில் 2009 முதல் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அந்த டீசலைக் கண்முன் வைத்துத்தான் சாம்பல் குறைந்த ஆயில்களை வகுத்தார்கள். ஐரோப்பாவின் ஏசிஇஏ சி3 என்ற ஆயில் வகுப்பில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கால்சியம், மெக்னீசியம் போன்ற உலோகக் கூட்டுப்பொருள்கள் எரிந்து விடுகிற சாம்பல் வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். கரியை எரித்து நீக்கலாம். சாம்பலை எரிக்க முடியாது. ஆனால் அதே உலோகப் பொருள்கள்தான் கந்தகம் எரிந்து உண்டாகிற அமிலத்தை முறிப்பவை. நம் நாட்டில் 2017க்கு முன் பெருநகரங்களுக்கு வெளியே பெரும்பாலும் கிடைத்த டீசலில் கந்தகம் 350 பங்கு வரை இருக்க இடமிருந்தது. அந்த டீசலை ஊற்றிய ஐரோப்பிய என்ஜினில், ஐரோப்பிய ஆயில் தன் காரத்தைச் சீக்கிரமே இழந்திருக்கும். 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்று என்ற வரி அன்றைய தென்காசியில் பொருந்தாது. இங்கே மண்ணைப் பார்த்துத் தயங்கிய மெக்கானிக் சொன்னதில் நியாயம் இருந்தது. வெயில் என்ற அவருடைய ஏது பிழை. இடம் பார்க்க வேண்டும் என்ற அவருடைய உள்ளுணர்வு சரி. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதி நாடெங்கும் வந்து, இங்கேயும் கந்தகம் 10 பங்காக இறங்கிவிட்டது. மண் மாறிவிட்டது, இப்போது சாம்பல் கூடிய பழைய ஆயிலை விடாப்பிடியாக ஊற்றுகிறவர்தான் இடத்தைப் பார்க்காதவர். திருமூலர் வேதத்தைப் பொது என்றும் ஆகமத்தைச் சிறப்பு என்றும் கொண்டார். எஸ்ஏஇ எண் பொது: அது பாகுநிலையை மட்டும் சொல்லும், சாம்பலைப் பற்றி வாய் திறக்காது. பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, மெர்சிடீஸ் 229.51, ஃபோக்ஸ்வேகன் 507.00 போன்ற ஒப்புதல் குறிகள் சிறப்பு. கடையில் டப்பாவைத் திருப்பி, முன்பக்கத்துப் பெரிய எண்ணைவிடப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இந்தக் குறி இருக்கிறதா என்று பார்ப்பது, பொதுவைப் படித்ததோடு நில்லாமல் சிறப்பு வரை செல்வது.

தன் சொல்லுக்குப் பின்னால் வரப்போகிற காலத்தைத் தான் அறிய முடியாது என்று உணர்ந்து பேசிய அரசன் ஒருவன் தென்காசியிலேயே இருந்தான். 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், இந்தக் கோயிலில் குற்றம் குறை நேர்ந்தால் அதைச் செப்பனிட்டுக் காப்பவர்களின் அடி பணிவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். எப்படிச் செப்பனிடுவது என்று அரசன் விதி வகுக்கவில்லை. வரப்போகிறவனை நம்பி விட்டுச் சென்றான். அவன் கோயிலின் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் கிடந்து, 1990இல்தான் ஒன்பது நிலையோடு மீண்டும் குடமுழுக்குக் கண்டது. கட்டியவனுக்கும் காப்பவனுக்கும் இடையே இருக்க வேண்டிய உறவு அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. கட்டியவன் அறிந்ததைச் சொல்ல வேண்டும், அறியாததைக் காப்பவனிடம் ஒப்படைக்க வேண்டும். காப்பவனும் தனக்குக் கிடைத்த இடத்தைச் சொந்த விருப்பத்துக்குத் திறந்த வாசலாக எண்ணக் கூடாது.

கடைசியாக ஒரு தடை: ‘இத்தனை வருஷமா கெட்டி ஆயில்தான் ஊத்துறோம், வண்டி ஓடத்தானே செய்யுது?’ ஓடுகிறது என்பது மெய். ஆனால் ஓடுவது எதை நிறுவுகிறது? வடிகட்டியில் சாம்பல் சேர்வது ஆண்டுக்கணக்கில் நடக்கிற காரியம். ஒவ்வொரு நாளும் ஓடுகிற வண்டிதான் ஒரு நாள் அடைத்து நிற்கும். தீமை உடனே பலிக்காததால் தீமையே இல்லை என்று சொல்ல நம் சமயங்கள் எதுவும் இடம் கொடுத்ததில்லை. கர்மத்தைப் பற்றிய பேச்சு முழுவதும் இந்தத் தாமதத்தைப் பற்றியதுதான். அதே நேரம், அந்த மெக்கானிக்கின் முப்பது ஆண்டு அனுபவத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. தான் பிரித்துப் பார்த்த அம்பாசடரையும், மகிந்திரா ஜீப்பையும் பற்றி அவர் ஆப்தர். அவற்றின் இடைவெளிகள் அகலமானவை, அவற்றுக்கு அவர் ஊற்றிய 20டபிள்யூ-40 சரியானதே. தட்டுகிற சத்தத்தை வைத்து எந்த சிலிண்டர் என்று சொல்லும் காது கையேட்டுக்கு இல்லை. தான் பார்த்திராத என்ஜினுக்கு அதே அறிவை நீட்டும்போதுதான் அவர் ஆப்த நிலையிலிருந்து இறங்கி, அனுமானக்காரராக ஆகிறார்.

சொன்ன ஆயில் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதையும் நூல்களே சொல்லி வைத்திருக்கின்றன. தர்ம சாஸ்திரத்தில் ஆபத்துக் காலத்துக்கென்று தனி முறை இருப்பது போல, 0டபிள்யூ-16 கேட்கிற சில என்ஜின்களுக்கு அது கிடைக்காவிட்டால் 0டபிள்யூ-20 ஊற்றிக்கொள், அடுத்த முறை பழையபடி மாற்றிவிடு என்று டொயோட்டா எழுதுகிறது. அரை லிட்டர் வரை வேறு ஆயிலை ஒரு முறை சேர்த்துக்கொள்ளலாம் என்று ஃபோக்ஸ்வேகன் இடம் கொடுக்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் புளியரை சோதனைச் சாவடி தாண்டி ஆயில் விளக்கு மஞ்சளாக எரிந்து, டிப்ஸ்டிக்கில் கோட்டுக்குக் கீழே ஆயில் இறங்கியிருந்தால், திறந்திருக்கிற கடையில் எந்த என்ஜின் ஆயில் கிடைக்கிறதோ அதில் அரை லிட்டரை ஊற்றிக்கொண்டு மெதுவாகச் செங்கோட்டைக்குத் திரும்புவதுதான் முறை. குறியுள்ள டப்பாவைத் தேடுவது மறுநாள் காலை வேலை.